யார் தேடி வருவார்? கந்தோர் வேலை எமக்குக் கற்றுத்தந்தவை

கிராமச் சங்கங்களின் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் பயிற்சி நடத்தும்போது முதல்நாள் மாலையில் நாம் ஒரு வேலை கொடுப்பது வழக்கம். "உங்கள் சங்கத்தின் கந்தோரை நாளைக்கு இங்கே கொண்டுவாருங்கள்" என்போம். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனாலும் மறுநாள் கொண்டுவருவார்கள். ஒருவர் கையில் றங்குப்பெட்டி இருக்கும். இன்னொருவரிடம் பிள்ளையின் பழைய பாடசாலைப் பை. அநேகரிடம் சொப்பிங் பை. உள்ளே கூட்டக் குறிப்பேடு, காசேடு, பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கிப் புத்தகம், கிராம அலுவலரின் கடிதங்கள், இவற்றுக்கு நடுவே யாரோ ஒருவருடைய கலியாண அழைப்பிதழ், ஒரு மருந்துத் துண்டு.

எமது கிராமங்களின் கந்தோர் இதுதான். அதை நாம் கேலி செய்வதில்லை. இடம்பெயர்ந்த நாட்களில் சோற்றுப் பானையை விட்டு இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பொருளாளர்களை நாம் அறிவோம். பைக்குள் இருப்பவை காணி, கடன், கிணறு, ஓய்வூதியம், பிறப்பு, இறப்பு என்னும் பெரிய விடயங்கள். அவை எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்பது மட்டுமே எமது கேள்வி. இக்கேள்வியை மற்றவர்களிடம் கேட்கும் தகுதி எமக்கு ஒரே நாளில் வந்ததல்ல. எமது சொந்தக் கந்தோரில் நாம் விட்ட இரண்டு பிழைகளே இதற்கு ஆசிரியர்களாக அமைந்தன. அவற்றை இங்கே மறைக்காமல் எழுதுகின்றோம்.

"எனக்கு என்ன திட்டம் தெரியும்?"

2011ஆம் ஆண்டு, மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், வன்னிக் கிராமமொன்றிலிருந்து ஓர் அம்மா எமது கந்தோருக்கு வந்தார். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ் என்று ஓடும் ஊர் அது. கணவர் 2009இல் இறந்துவிட்டார். மீளக்குடியமர்ந்த இடத்தில் அவருடைய காணிக்கு எந்தப் பத்திரமும் கையில் இல்லை. அடுத்த மாதம் நடைபெறவிருந்த நடமாடும் சேவைக்கு ஏதாவது ஓர் அத்தாட்சியுடன் வரும்படி சொல்லியிருந்தார்கள்.

"தம்பி, சமாதான நேரம் எங்கட வளவுக்கை நீங்கள்தானே கிணறு கட்டித் தந்தனீங்கள். அப்ப அவர் காணிப் பேமிற்றின்ர கொப்பி ஒண்டு உங்கட கந்தோரில குடுத்தவர். அது இருக்குமோ?"

கேட்டது மிக நியாயமான கேள்வி. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர் எமது பகுதியில் பல கிணறுகள் கட்டப்பட்டன. ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி இணைக்கப்பட்டிருந்தது. நாம் கேட்டோம்: "எந்தத் திட்டத்தில கட்டினது அம்மா?"

"எனக்கு என்ன திட்டம் தெரியும்? கிணறு எண்டுதான் தெரியும்."

இந்தப் பதில் எம்மை அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. தேடிப் பார்க்கிறோம், அடுத்த கிழமை வாருங்கள் என்று அனுப்பினோம். எமது அலுமாரியில் கோவைகள் அழகாகவே இருந்தன. வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர், திட்ட இலக்கம், கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு என்று முதுகில் எழுதி வரிசையாக நின்றன. கணக்காய்வாளர் வந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்து நீட்டுவோம். அந்தக் கிணறுகளுக்கு நான்கு நிறுவனங்கள் பணம் தந்திருந்தன. எந்தக் கிணறு எவருடைய பணத்தில் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது, எமக்கும் தெரியவில்லை.

அவர் இரண்டாம் முறை வந்தார், மூன்றாம் முறையும் வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு நாட்கூலி போனது. மூன்றாம் முறை வந்தபோது வாசலில் இருந்த எமது காவலாளி ஐயாதான் வழி காட்டினார். அந்த ஊருக்குச் சீமெந்து ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் சேற்றில் புதைந்து, இன்னோர் உழவு இயந்திரம் பிடித்து இழுத்த கதை அவருக்கு நினைவிருந்தது. அந்த மேலதிகச் செலவுக்குக் காரணம் கேட்டுக் கணக்காளர் கடிதம் எழுதியதும் நினைவிருந்தது. நாம் போக்குவரத்துச் செலவுக் கோவையைத் திறந்தோம். விளக்கக் கடிதத்தின் பின்னால் விண்ணப்பம் முழுவதும் குத்தப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் அனுமதிப்பத்திரத்தின் பிரதி. ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. அனுமதிப்பத்திர இலக்கமும், எல்லைகளும், பின்னுரித்தாளராக மனைவியின் பெயரும் தப்பியிருந்தன.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் எவ்வளவு முக்கியமானது என்று வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலக்கம் கிடைத்தபடியால் காணிக் கிளையில் மேற்கொண்டு அலுவல் பார்க்க முடிந்தது. அம்மா எமக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எமக்கு வெட்கமாக இருந்தது. காரணம், பத்திரத்தைக் கண்டுபிடித்தது எமது ஒழுங்கு அல்ல. ஓர் உழவு இயந்திரம் சேற்றில் புதைந்ததும், ஒரு வயதானவர் அதை மறக்காததும்தான். காவலாளி ஐயா அன்று லீவில் இருந்திருந்தால்?

கணக்காய்வாளர் வருவார் என்று நினைத்து நாம் அடுக்கினோம். நிறுவனத்தின் பிரதிநிதி வருவார் என்று நினைத்து அடுக்கினோம். அந்த அம்மா வருவார் என்று நினைத்து அடுக்கவில்லை. கோவைகளின் ஒழுங்கு என்பது நாம் யாரை மனதில் வைத்திருக்கிறோம் என்பதையும் காட்டிவிடுகிறது.

ஒரு கடதாசிக்குப் பல முகங்கள்

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் என்பவர் கணித விரிவுரையாளராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். உலகெங்கும் நூலகவியல் படிப்பவர்கள் இன்றும் அவரைப் படிக்கிறார்கள். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதைப் பற்றியது. அடுக்குபவரின் நேரத்தைப் பற்றி அவர் விதி செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுக்குபவர் சிரமப்படலாம், தேடி வருபவர் சிரமப்படக் கூடாது.

அவர் இலண்டனில் படித்த காலத்தில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டாராம். ஒரே தகட்டுத் துண்டுகளையும் ஆணிகளையும் வைத்து விதம்விதமான பொருட்களைப் பூட்டலாம். ஒரு நூலின் பொருளையும் இப்படித் துண்டுதுண்டாகப் பிரித்து, பின்னர் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் அவர் வெளியிட்ட பகுப்பு முறைக்கு வித்து அதுதான் என்பர். எமது சிறிய அலுமாரிக்கு அவருடைய முறை முழுவதும் தேவையில்லை. ஆனால் அதன் அடிப்படை எமக்கு மிகவும் பயன்பட்டது. அந்த அம்மாவின் கடதாசியை எடுங்கள். அது ஒரு காணிப் பத்திரம், ஒரு கிணற்றின் விண்ணப்பம், ஒரு நிறுவனத்தின் செலவு, ஒரு கிராமத்தின் வரலாறு, ஒரு குடும்பத்தின் உடைமை. ஐந்து முகங்கள். கடதாசியோ ஒன்று, ஓர் இடத்தில்தான் அதை வைக்கலாம்.

நாம் செய்தது இதுதான். கோவைகளைக் கிராமவாரியாக மாற்றினோம். கிராமத்துக்குள் குடும்பம். எவரும் தமது கிராமத்தையும் பெயரையும் சொல்லத் தெரியாமல் வரப்போவதில்லை. நிறுவனத்தின் திட்டக் கோவையில் கடதாசிக்குப் பதிலாக ஒரு துண்டு வைத்தோம்: "இது இன்ன கிராமத்தில், இன்ன குடும்பக் கோவையில்." கணக்காய்வாளர் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு போகட்டும், அவருக்குக் கால் இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தடித்த சி.ஆர். கொப்பியில் சுட்டி எழுதினோம். கோவையை எடுப்பவர் அந்த இடத்தில் தமது பெயரும் திகதியும் எழுதிய ஒரு மட்டையைச் செருக வேண்டும். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இந்த மட்டையால் எமது கந்தோரில் பாதிச் சண்டைகள் நின்றுபோயின.

மாற்றி முடிக்க எமக்கு ஒன்பது மாதம் சென்றது. வேலை நேரத்துக்குப் பின்னர், கிழமைக்கு இரண்டு நாள். எமக்குள் முணுமுணுப்பும் இருந்தது. "அடுத்த திட்டம் வந்தால் திரும்பவும் குழம்பும்" என்று ஒருவர் சொன்னார். அது முற்றிலும் பிழையுமல்ல. இன்றும் வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த ஒன்பது மாதத்தில் அலுமாரியிலேயே மிகவும் பருத்த கோவை எதுவென்று கண்டுகொண்டோம். "பலவகை" என்று பெயரிட்ட கோவைதான். பிரித்துப் பார்த்தால், எங்கே வைப்பது என்று தெரியாத கடதாசிகள் அதில் மிகச் சிலவே. மற்றவை எல்லாம் நாம் முடிவெடுக்க விரும்பாத கடதாசிகள். பதில் எழுதக் கூச்சப்பட்ட முறைப்பாடு, இல்லை என்று சொல்ல மனமில்லாத விண்ணப்பம், எமது பிழையைச் சுட்டிய கடிதம். மூன்று வருடம் பதில் பெறாத கடிதமொன்று அதில் கிடந்தது. எழுதியவர் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தார். இப்போது "பலவகை" கோவையை மாத முடிவில் ஒருமுறை வெறுமையாக்குகிறோம். அன்று கந்தோரில் யாருக்கும் அவ்வளவு உற்சாகம் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

அடிக்கட்டை

இரண்டாவது பிழை இதைவிடக் கசப்பானது. சுழற்சிக் கடன் திட்டத்தில் ஒரு கமக்காரர் 15,000 ரூபா பெற்றிருந்தார். தலா 1,500 ரூபாவாகப் பத்துத் தவணை. எட்டுத் தவணை எமது ஏட்டில் இருந்தது. கடைசி இரண்டும் இல்லை. நாம் மூன்று நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பினோம். பின்னர் வழமைபோல, நிலுவையாளர் பட்டியல் அவருடைய சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. அவருடைய பெயரும் அதில் இருந்தது.

அவர் கந்தோருக்கு வந்தார். தாம் கட்டிவிட்டதாக ஒருமுறை சொன்னார். பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று எமது எழுதுவினைஞர் கேட்டார். "எழுத்தில இல்லாததை நான் சொல்லி என்ன பிள்ளை" என்று சொல்லி 3,000 ரூபாவை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் சத்தம் போட்டிருந்தால் நாம் ஒருவேளை யோசித்திருப்போம். அமைதியாகப் பணம் கட்டுபவரைக் கந்தோர்கள் சந்தேகிப்பதே இல்லை.

அடுத்த வருடம், ஒரு மேசையின் கீழ் லாச்சியைத் துப்புரவு செய்தபோது, எம்மைவிட்டு விலகிப்போன வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவரின் நாட்குறிப்பு கிடைத்தது. இரண்டு தவணைகளும் திகதியுடன் அதில் எழுதப்பட்டிருந்தன. அன்றைக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகம் முடிந்துவிட்டதால் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்ததாகக் குறிப்பும் இருந்தது. பணம் கந்தோருக்கு வந்து, பெயரில்லாமல் பொது வரவில் போடப்பட்டிருந்ததைக் காசேட்டில் பிறகு கண்டோம். எவரும் ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆனாலும் ஒரு நேர்மையான மனிதர் கடனாளியாக்கப்பட்டிருந்தார்.

பணத்தையும் மன்னிப்புக் கடிதத்தையும் தபாலில் அனுப்பினால் போதும் என்று எம்மில் சிலர் கருதினர். நாம் நேரே போனோம். ஐயா எம்மை இருக்கச் சொல்லித் தேத்தண்ணீர் தந்தார். பணத்தை எண்ணாமலே வாங்கி வைத்தார். கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. "இதை எனக்கு வாசிக்க வேண்டாம். என்ர பேரைச் சங்கத்துக்கு முன்னால வாசிச்சனீங்கள். இதையும் அங்க வாசியுங்கோ" என்றார்.

அடுத்த கூட்டத்தில் வாசித்தோம். எம்மில் மூத்தவர் எழுந்து நின்று வாசித்தார். குரல் நடுங்கியது. கூட்டம் முடிந்தபின் இன்னும் இருவர் எம்மிடம் வந்து தமது கணக்கையும் பார்க்கச் சொன்னார்கள். ஒருவருடையது சரியாகவே இருந்தது. மற்றவருக்கு 750 ரூபா திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து பற்றுச்சீட்டுப் புத்தகம் முடியும் முன்னரே புதியது கையில் இருக்க வேண்டும் என்பது எமது விதி. வேலையைவிட்டு விலகுபவர் தமது நாட்குறிப்பையும் லாச்சியையும் ஒருவர் முன்னிலையில் ஒப்படைக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டு பேர் இரண்டு ஏட்டில் எழுதியதை மாத முடிவில் ஒப்பிடாமல் எவருடைய பெயரையும் பட்டியலில் வாசிப்பதில்லை என்பது மூன்றாவது. இவை ஏட்டு விதிகள். எம்மில் நடந்த மாற்றம் வேறு. "ஏட்டில் இல்லை" என்று சொல்லும்போது முன்பு எமது குரலில் ஒரு நிச்சயம் இருந்தது. இப்போது "எமது ஏட்டில் இன்னும் காணவில்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்கிறோம். ஒரு சொல் வித்தியாசம்தான். எதிரே இருப்பவர் கதிரையில் சாய்ந்து உட்காருவதைப் பார்த்தால் அதன் பெறுமதி தெரியும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில

குறிப்பெடுப்பதில் எமது வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்கின்றனர். கொப்பியின் பக்கத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: கண்டது, கேட்டது, நாம் நினைப்பது. "பொறுப்பில்லாத குடும்பம்" என்று முன்பு எழுதுவோம். அது மூன்றாவது நிரலுக்குரியது. முதல் நிரலில் என்ன எழுதலாம் என்று பார்த்தால், "பகல் 11 மணி, வீட்டில் இரண்டு பிள்ளைகள் மட்டும், பாடசாலைக்குப் போகவில்லை" என்பதுதான் மிஞ்சும். தாய் வைத்தியசாலையில் நிற்கிறாள் என்பது இரண்டாவது நிரலில், அயலவர் சொன்னதாக வரும். மூன்றாவது நிரல் பலமுறை வெறுமையாகவே போய்விடும். அது நல்லது.

பெயர்களில் மயக்கம் அதிகம். ஒரே பெயரைப் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் வங்கிப் புத்தகத்தில் இன்னொருவிதமாகவும் எழுதியிருப்பார்கள். முதலெழுத்தும் மாறும். ஆகவே பெயருடன் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுத வேண்டும். பலர் அறியாத ஒன்று: அந்த இலக்கமே ஒரு சிறு கோவை. ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய இலக்கத்தில் முதலிரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்படும். 2016 தொடக்கம் வழங்கப்படும் 12 எண் இலக்கத்தில் பிறந்த வருடம் நான்கு எண்களில் வருகிறது. ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே நாள் எண் 500இற்குக் குறைவாக இருந்தால் எங்கோ பிழை; அந்த இடத்திலேயே திருத்தலாம். இலக்கத்தில் இவ்வளவு செய்தி இருப்பதால், இத்தகைய பட்டியலைக் கடைக்காரரின் போட்டோக்கொப்பி இயந்திரத்தில் மறந்து வைத்துவிட்டு வருவதும் பெரிய பிழை என்பதை நினைவிற் கொள்க.

கணினி வந்தபின் இந்தத் தொல்லைகள் தீரும் என்று எண்ணினோம். தீரவில்லை, இடம் மாறின. "கடிதம்", "கடிதம் புதிது", "கடிதம் கடைசி", "கடைசி 2" என்ற பெயர்களில் ஒரே கடிதம் நான்காகக் கிடக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களை யூனிகோட்டில் சொல் கொடுத்துத் தேடினால் வராது. ஆகவே கணினியிலும் கிராமம், குடும்பம், திகதி என்ற அதே ஒழுங்கில் பெயரிடுகிறோம். வருடத்தை முன்னே, மாதத்தை அடுத்து, நாளைக் கடைசியில் எழுதினால் கணினியே வரிசைப்படுத்திக்கொள்ளும். ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பவர் உரிமையுடன் கேட்கிறார் என்பதையும் நாம் பிந்தியே விளங்கிக்கொண்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பகிரங்க அதிகாரசபைகள் தமது பதிவேடுகளை அட்டவணைப்படுத்திச் சுட்டியுடன் பேண வேண்டும் என்கிறது. புதிய பதிவேடுகளைக் குறைந்தது 12 வருடம் பாதுகாக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அரசாங்கத்திடமிருந்தோ வெளிநாட்டு அரசு அல்லது சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ கணிசமான பணம் பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும், அச்சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை, இச்சட்டத்துக்குள் அடங்கும். அந்த அம்மா வந்தபோது இப்படியொரு சட்டம் இருக்கவில்லை. இருந்திருந்தால் நாம் மூன்று முறை அலைய விட்டிருப்போமா என்று எம்மை நாமே கேட்பதுண்டு.

இவ்விதழை வாசிக்கும் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கலாம். செயலாளரும் பொருளாளரும் சற்று நேரம் வெளியே நிற்கட்டும். நிருவாகத்தில் இல்லாத ஓர் உறுப்பினர், முடிந்தால் அதிகம் பேசாதவர், பெட்டியைத் திறந்து மூன்று விடயங்களைத் தேடட்டும்: தமது கடைசிச் சந்தாப் பற்றுச்சீட்டின் அடிக்கட்டை, போன வருடம் சங்கம் பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, தமது பெயர் வரும் ஏதாவது ஒரு கூட்டத் தீர்மானம். மற்றவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். உதவி செய்ய வேண்டாம். எமது கந்தோரில் முதல் தடவை இதைச் செய்தபோது தேடியவர் காவலாளி ஐயா. ஒரு மணித்தியாலத்தில் ஒன்றைத்தான் எடுத்தார். போன தடவை மூன்றையும் பதினொரு நிமிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, நாலாவதாகத் தமது நியமனக் கடிதத்தையும் தேடினார். அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.